நன்றிக்கு ஒரு கை

ஹைரம் ஊரில் ஆர்டித் ஹால்வர்சனைத் தெரியாத ஒருவர் இருந்தால், அவர் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சாப்பிடாதவர் என்று அர்த்தம். இருபத்தாறு வருஷம் அந்தச் சமையலறை அவள் கையில் இருந்தது. தட்டில் பட்டாணியை மிச்சம் வைத்த பிள்ளைகள் இப்போது நாற்பது வயதில் கடைத்தெருவில் அவளைக் கண்டால் இன்னும் வேறு பக்கம் திரும்பிப் போகிறார்கள். ஏழு பிள்ளைகள் பெற்றாள். ஐந்து மகன்களையும் ஆளுக்கு இரண்டு வருஷம் எங்கள் கிறிஸ்தவச் சபையின் ஊழியத்துக்கு வெளியூர் அனுப்பிவைத்தாள். ஒவ்வொருவன் புறப்படும்போதும் வாசலில் நின்று கையசைத்தவள், ஒருநாள் நானும் போவேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். யாரும் கேட்காததால் வெளியே சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் ஓய்வு பெற்ற தம்பதிகள் அப்படிப் போவது புதிதல்ல. சபைத் தலைமைக்கு விண்ணப்பம் போடுவார்கள். எங்கே என்று கடிதம் வரும். அங்கே போய் ஒன்றரை வருஷம் சொன்ன வேலையைச் செய்துவிட்டு வருவார்கள். சம்பளம் கிடையாது. பெட்ரோல், வாடகை, சாப்பாடு எல்லாம் சொந்தக் கைக்காசு. ஆனாலும் ஆட்கள் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள்.

ஆர்டித்தின் கணவர் ரீட், முப்பத்தெட்டு வருஷம் பால் லாரி ஓட்டியவர். ஓய்வுக்குப் பிறகு ஆற்றங்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்தே மிச்ச வாழ்நாளைக் கழிப்பது என்று முடிவு கட்டியிருந்தார்.

"மீன் எங்கயும் ஓடிப் போகாது ரீட்," என்றாள் ஆர்டித்.

"மீனுக்கு ஓடுறதுதானே வேலை?"

"அப்ப திரும்பி வந்ததும் புது மீனாப் பிடி."

அவள் பிடித்த பிடியை விடுகிறவள் அல்ல. நாற்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு அது தெரியாதா? விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

கடிதம் வந்த அன்று வீட்டில் முப்பத்தொரு பேர். சுவரில் உலக வரைபடம். பேரப்பிள்ளைகள் சமோவாவிலும் பிலிப்பைன்ஸிலும் குண்டூசி குத்திவைத்தார்கள். ஆர்டித் மட்டும் டென்மார்க்கில் குத்தினாள். அவளுடைய பாட்டன் அங்கிருந்து வந்தவர். அந்தக் குளிருக்கென்று இரண்டு கம்பளிப் பாவாடைகூடத் தைத்து வைத்திருந்தாள். மூத்த மகன் உறையைப் பிரித்துப் படித்தான். நெவாடா மாநிலம், ஜூனிப்பர் ஃபிளாட்.

வரைபடத்தில் அந்த ஊரே இல்லை. காரில் போனால் ஐந்தரை மணி நேரம், பாதிக்கு மேல் பாலைவனம்.

"அங்க ஆறு ஏதாச்சும் இருக்கா?" என்றார் ரீட்.

ஒருவரும் சிரிக்கத் துணியவில்லை. ஆர்டித் கடிதத்தை வாங்கி, தானே ஒருமுறை படித்து, மடித்து உறைக்குள் வைத்தாள். ஏமாற்றமாகத்தான் இருந்தது. "சரி, ஐஸ்கிரீம் உருகுது, எல்லாரும் எடுங்க," என்று மட்டும் சொன்னாள்.

1996 மே மாதம் போய்ச் சேர்ந்தார்கள். தெரு ஒன்று, தபால் நிலையம் ஒன்று, மூடிக் கிடந்த வெள்ளிச் சுரங்கம் ஒன்று. சின்னதாக ஒரு வழிபாட்டுக் கட்டடம். முதல் ஞாயிறு வந்தவர்கள் இவர்களையும் சேர்த்துப் பதினொரு பேர். அதில் மூன்று பேர் குழந்தைகள். ஒருவர் பாதிக் கூட்டத்தில் தூங்கிவிட்டார்.

அன்று வட்டாரத் தலைவர் டீன் பிராட்ஷாவும் வந்திருந்தார். வார நாட்களில் அவர் பல் வைத்தியர். எங்கள் சபையில் தலைமைக்கும் சம்பளம் கிடையாது. அதனால் பல்லைப் பிடுங்குகிறவர், பால் கறக்கிறவர் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை தலைவர்களாகிவிடுவார்கள். ரீடைத் தற்காலிகக் கிளைத் தலைவராக்கிவிட்டு, அவர் இருவரையும் தனியாக அழைத்துச் சொன்னார்.

"ஒளிக்க ஒண்ணுமில்ல. அடுத்த வசந்தம் வரைக்கும் பார்ப்போம். இந்த ஊர்க்காரர் ஒருத்தர் தலைமை ஏத்துக்க முன்வந்தா கிளை இருக்கும். இல்லன்னா மூடிட்டு இவங்களைப் பக்கத்துக் கிளையோட சேர்த்துடுவோம்."

"பக்கத்துக் கிளை எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள் ஆர்டித்.

"தொண்ணூத்தாறு மைல்."

ஆர்கன் வாசிக்கிற ஆர்ஃபா ஸ்டோக்ஸுக்கு வயது எண்பத்திரண்டு. தொண்ணூற்றாறு மைல் தாண்டி அவள் ஞாயிறுதோறும் கூட்டத்துக்குப் போவாளா? வாடகை வீட்டுக்கு வந்ததும் ஆர்டித் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வீசினாள். "நான் இருக்கிறப்ப இந்தக் கதவுக்குப் பூட்டுப் போட விடமாட்டேன் ரீட். அப்படிப் பூட்டிட்டு ஊருக்குப் போனா, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பிள்ளைங்ககிட்ட பேசுவேன்?"

"பொது இடத்துல என்னை 'எல்டர்'னு கூப்பிடணும்னு விதி இருக்கு," என்றார் ரீட். ஊழியத்தில் இருக்கும் ஆண்களை அப்படித்தான் அழைப்பது வழக்கம்.

"இது வீடு. வீட்ல நீ ரீட்தான்."

ஒரு வருஷம் அவள் உழைத்த உழைப்பைச் சொன்னால் கேட்பவர்களுக்கே மூச்சு வாங்கும். பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாள். ஆர்ஃபாவின் விரல் மரத்துப்போன நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து கீழ்ச்சுரங்களை அவளே அழுத்தினாள். கட்டடத்தைக் கூட்டினாள், கழிப்பறையைக் கழுவினாள். வராமல் நின்றுபோனவர்கள் வீட்டுக் கதவையெல்லாம் போய்த் தட்டினாள்; கையில் ஒரு தட்டு பன் இல்லாமல் எந்தக் கதவையும் தட்டவில்லை. பதினொன்று பதினேழானது. ஆனால் தலைமைக்கு ஆள்? தலைமை ஏற்பவர் ஆணாக இருக்கவேண்டும் என்பது சபை முறை. அதைப் பற்றி ஆர்டித் என்ன நினைத்தாள் என்பதை ரீடிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்; ரீட் அதை யாரிடமும் சொல்லவில்லை.

இருந்த ஆண்களில் தபால்காரர் டுவைட் நல்லவர், கையெழுத்தும் நன்றாக இருக்கும். கிளையின் எழுத்தர் வேலையையும் அவர்தான் பார்த்தார். ஆனால் நாலு பேருக்கு முன்னால் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை ஜெபம் செய்ய எழுந்தவர் "ஆமென்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பெயர்தான் வந்தது.

"வெண்டல் டக்கெட்டைக் கேளுங்க. ஆனா அவர் வரமாட்டார்," என்றாள் ஆர்ஃபா.

"ஏன்?"

"இருபத்திமூணு வருஷமா வரல. ஏன்னு யாருக்குத் தெரியும்? எங்க வீட்டுக்காரர் தலைவரா ஆன வருஷம் நின்னார். வாய்க்கால் தண்ணித் தகராறுன்னு சிலர் சொல்வாங்க. சம்சாரம் செத்த துக்கம்னு சிலர் சொல்வாங்க. ஆனா அவ செத்தது அதுக்கு நாலு வருஷம் கழிச்சு."

வெண்டல் டக்கெட்டுக்கு எழுபத்தொரு வயது. நூற்றைம்பது மாடு, ஒரு நாய், ஊருக்கு வெளியே தனி வீடு. யாருடைய வேலி சாய்ந்தாலும் சொல்லாமல் வந்து நிமிர்த்திவிட்டுப் போய்விடுவார். பஞ்சாயத்து என்றால் இரண்டு பக்கமும் அவர் பேச்சைக் கேட்பார்கள். ஆர்டித் முதல்முறை போனபோது பன்னை வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றி சிஸ்டர்," என்று கதவைச் சாத்தினார். இரண்டாம் முறையும் அப்படியே. அடுத்த மூன்று முறையும் பன்னுக்கு நன்றி, கதவு சாத்தல். ஆனால் காலித் தட்டு மட்டும் ஒவ்வொரு தடவையும் கழுவித் துடைத்து, மறுநாளே அவள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

ஆறாவது முறை, பனி கொட்டியதால், வேறு வழியில்லாமல் உள்ளே கூப்பிட்டார். சமையலறையில் உட்காரவைத்துக் குடிக்க ஏதோ சூடாகக் கலந்தார். காபியாகத்தான் இருக்கும், எப்படி மறுப்பது என்று ஆர்டித் யோசித்தாள். எங்கள் சபையில் காபி குடிக்கக்கூடாது. பார்த்தால் அலமாரியில் இருந்தது வறுத்த கோதுமைப் பொடி டப்பா. காபி குடிக்காத எங்கள் ஆட்கள் காபிக்குப் பதிலாகக் கலக்குகிற அதே பொடி.

இருபத்திமூன்று வருஷமாகச் சபைக்கு வராத மனிதர் வீட்டில் காபி இல்லை! ஆர்டித்துக்கு மனம் துள்ளியது. துள்ளிய வேகத்தில் வாயைக் கொடுத்துவிட்டாள்.

"பிரதர் டக்கெட், கடவுள்மேல உங்களுக்கு அப்படி என்ன கோபம்?"

வெண்டல் கோப்பையைக் கீழே வைத்தார். "கடவுள்மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல சிஸ்டர். அன்னிக்குக் கூட்டத்தை நடத்தினது அவர் இல்ல."

"என்னைக்கு?"

"பனி விட்டுடுச்சு. நீங்க கிளம்புறது நல்லது."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவள் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். பொறுமையாக இருந்திருந்தால் அந்த மனிதர் இன்னும் நாலு வார்த்தை பேசியிருப்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அதட்டிப் பழகிய வாய், எங்கே போனாலும் அதட்டுகிறது.

மார்ச் கடைசியில் பிராட்ஷா தொலைபேசியில் கூப்பிட்டார். ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு வருகிறேன், மூடுவதைப் பற்றி அன்று அறிவித்துவிடலாம், மன்னியுங்கள் என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அதனால் அவரைத் திட்டவும் முடியவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு ஆர்டித் நேராகக் கட்டடத்துக்குப் போனாள். கோபம் வந்தால் அவளுக்கு எதையாவது தேய்த்துக் கழுவவேண்டும். அன்று எழுத்தர் அறையின் பழைய அலமாரி மாட்டியது. உடைந்த ஸ்டூல், கிறிஸ்துமஸ் நாடகத்துக்கான மூன்று ஆட்டுத்தோல், அதற்கெல்லாம் அடியில் தடித்த அட்டையோடு கூட்டக் குறிப்புப் புத்தகங்கள். தூசி தட்டும்போது ஒன்றில் பெயர் கண்ணில் பட்டது. "எழுத்தர்: வெ. டக்கெட்."

தரையிலேயே உட்கார்ந்து படித்தாள். 1960லிருந்து 1974 வரை, ஒவ்வொரு ஞாயிறும், ஒரே கையெழுத்து. யார் ஜெபம் செய்தார்கள், என்ன பாட்டு, எத்தனை பேர் வந்தார்கள், வெளியே என்ன வானிலை. அடித்தல் திருத்தல் கிடையாது. பதினான்கு வருஷத்தில் ஒரு ஞாயிறுகூட விடுபடவில்லை.

அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் செப்டம்பர் மாதம். ஆர்ஃபாவின் கணவர் லீலண்ட் ஸ்டோக்ஸ் தலைவராகி நடத்திய முதல் கூட்டம். புதிய பொறுப்பாளர்கள் பெயர்கள் வரிசையாக இருந்தன. கடைசி வரி இப்படி: "புதிய எழுத்தராக நார்மன் பீக்கெட். ஆதரித்தோர்: அனைவரும். எதிர்ப்பு: இல்லை." அதன் கீழே கையெழுத்து. அதற்குப் பிறகு வெற்றுத்தாள்.

ஆர்டித் மறுபடி மேலிருந்து படித்தாள். எதையோ காணோம். எது என்று புரிந்ததும் துணியை ஓரமாக வைத்துவிட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

சம்பளமில்லாத இடத்தில் எங்களுக்கு என்று ஒரு மரியாதை உண்டு. ஒருவருக்குப் பொறுப்புக் கொடுக்கும்போது சபையார் எல்லாரும் வலது கையைத் தூக்கி ஏற்றுக்கொள்வார்கள். அந்தப் பொறுப்பிலிருந்து அவரை எடுக்கும்போது, "இன்னாரை நன்றியுடன் விடுவிக்கிறோம்" என்று பெயரைச் சொல்லிப் படிப்பார்கள். நன்றிக்காக எல்லாரும் இன்னொருமுறை கையைத் தூக்குவார்கள். அவ்வளவுதான். பத்து வருஷ உழைப்புக்கும் கூலி அந்த ஒரு நிமிஷம்தான். முதல் கூட்டம் நடத்திய பதற்றத்தில் லீலண்ட் ஸ்டோக்ஸ், விடுவிக்கப்படுகிறவர்கள் பெயர் எழுதிய தாளைப் படிக்காமலே விட்டிருக்கிறார். மற்றவர்களுக்கு ஒரு பொறுப்புப் போய் வேறு பொறுப்பு வந்ததால் உறுத்தவில்லை. வெண்டல் ஒருவருக்கு மட்டும் புதிதாக எதுவும் வரவில்லை. தன் இடத்தில் இன்னொருவர் பெயரைப் படித்தபோது, பேனாவைப் பிடித்து அதை எழுதிக்கொண்டிருந்தவரே அவர்தான்.

"அனைவரும்னு எழுதியிருக்கார் ரீட்," என்றாள் அன்று மாலை. "அப்ப அவரும் கையைத் தூக்கியிருக்கார். தூக்கிட்டு, எழுதிட்டு, மூடிட்டுப் போயிருக்கார்."

ரீட் அந்தப் பக்கத்தை வாங்கிப் படித்தார். "முப்பத்தெட்டு வருஷம் லாரி ஓட்டினேன். கடைசி நாள் அந்தக் கம்பெனி ஒரு கேக்காவது வெட்டுச்சு," என்றார்.

மறுநாள் காலை பிராட்ஷாவின் பல் ஆஸ்பத்திரிக்கே ஆர்டித் போன் போட்டாள்.

"சிஸ்டர், யாரோ வாயைத் திறந்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க."

"இருக்கட்டும். நீங்க ஒரு ரெண்டு நிமிஷம் காதைத் திறந்து வைங்க."

கேட்டுவிட்டு அவர் யோசித்தார். "புது ஆளை ஏத்துக்கிட்டாலே பழைய ஆள் விடுபட்ட மாதிரிதான். இருபத்திமூணு வருஷம் கழிச்சு விடுவிக்கணும்னு சபைக் கையேட்டுல எங்கயும் இல்லையே."

"கையேட்டுல இல்லாட்டி என்ன? கை இருக்குல்ல?"

அந்தப் பக்கம் யாரோ வாய் கொப்பளிக்கிற ஓசை கேட்டது. பிறகு பிராட்ஷா சொன்னார்: "அவர் வந்தா படிக்கிறேன். வராத ஆளுக்குப் படிக்க முடியாது."

வராத ஆளை வரவைக்கவேண்டும். பன் மாவைப் பிசைய எடுத்தவளை ரீட் தடுத்தார். "இந்த வாட்டி தட்டு வேணாம் ஆர்டித். புத்தகத்தை மட்டும் எடுத்துக்கிட்டுப் போ. தனியாப் போகாத, நானும் வர்றேன். நான் பேசமாட்டேன்."

வெண்டல் வெறுங்கையைப் பார்த்துத்தான் முதலில் திகைத்தார். அப்புறம் அவள் நீட்டிய புத்தகத்தைப் பார்த்தார். அதை வாங்கிய விதத்திலேயே ஆர்டித்துக்குத் தெரிந்துவிட்டது. கடைசிப் பக்கத்தை அவர் தேடவே இல்லை. நேராக அங்கே போனார். வாசலிலேயே நின்று படித்தார். நாய் ரீடின் காலை முகர்ந்தது.

"அன்னிக்கு நானும் கை தூக்கினேன்," என்றார் வெண்டல். "நார்மன் நல்லவன். பேரைப் படிச்சா தூக்கணும்ல. அடுத்து என் பேர் வரும்னு பேனாவை வெச்சுக்கிட்டுக் காத்திருந்தேன். அவங்க கடைசிப் பாட்டைப் பாட ஆரம்பிச்சுட்டாங்க."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"எனக்குக் கை தூக்குங்கன்னு கேட்டு வாங்கவா? எனக்கு அது வரல சிஸ்டர். ஒரு வாரத்துல யாராச்சும் ஞாபகம் வந்து வருவாங்கன்னு நினைச்சேன். ஒரு வாரம் ஒரு மாசம் ஆச்சு. அப்புறம் போறதுக்கு வெட்கமா ஆயிடுச்சு." அவர் உதடு கோணியது. "சின்ன விஷயம்தான். சொன்னாச் சிரிப்பாங்க."

"நான் சிரிக்கல," என்றாள் ஆர்டித். உண்மையில் அவளுக்கு அழுகை முட்டியது. அதை அடக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதட்டுவதுதான். "ஆனா உங்ககிட்ட ஒரு கேள்வி இருக்கு. உங்களை யாரும் விடுவிக்கல. சரிதானே?"

"ஆமா."

"அப்ப நீங்கதான் இன்னும் எழுத்தர். இருபத்திமூணு வருஷமா சொல்லாமக் கொள்ளாம லீவு போட்டிருக்கீங்க. என் சமையலறையில வேலை பார்த்திருந்தா ரெண்டாம் நாளே ஆள் அனுப்பி இழுத்துட்டு வந்திருப்பேன்."

வெண்டல் அவளைப் பார்த்தார். பிறகு ரீடைப் பார்த்தார். பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த ரீட், "எங்க வீட்லயும் இப்படித்தான்," என்றார்.

வெண்டல் சிரித்தார். பெரிய சிரிப்பு இல்லை. மூக்கு வழியாகக் காற்று விட்டதுபோல ஒன்று. "எழுத வேண்டியது நிறைய பாக்கி கிடக்கும்போல," என்று சொல்லிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். வருவேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு. ஆர்டித் முன் வரிசையில் உட்கார்ந்து, திரும்பிப் பார்க்கக்கூடாது என்று தீர்மானித்து, எட்டு முறை திரும்பிப் பார்த்தாள். பிராட்ஷா மேடையில் இரண்டு தாள்களோடு இருந்தார். ஒன்று மூடுவிழாவுக்கு. ஆர்ஃபா தொடக்கப் பாட்டை வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். மூன்றாவது அடி போகும்போது கதவு திறந்த காற்று ஆர்டித்தின் கழுத்தில் பட்டது. கடைசி வரிசையில், வெள்ளைச் சட்டையும் ஒரு தலைமுறைக்கு முந்தைய அகலமான டையுமாக, வெண்டல் டக்கெட் உட்கார்ந்தார்.

பிராட்ஷா எழுந்து ஒரு தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். மற்றதைப் படித்தார். "1960 முதல் இந்தக் கிளையின் எழுத்தராக இருந்த பிரதர் வெண்டல் டக்கெட்டை நன்றியுடன் விடுவிக்கிறோம். அவருடைய சேவைக்கு நன்றி தெரிவிக்க விரும்புகிறவர்கள் கையை உயர்த்திக் காட்டலாம்."

எல்லாக் கையும் உயர்ந்தது. என்ன ஏது என்று தெரியாத குழந்தைகள்கூடத் தூக்கினார்கள். ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்த ஆர்ஃபா மட்டும் சிரமப்பட்டு எழுந்து நின்றாள். முடங்கிய விரல்களோடு இரண்டு கைகளையும் தூக்கினாள்.

"ஒரு கை போதும் சிஸ்டர் ஸ்டோக்ஸ்," என்றார் பிராட்ஷா மெதுவாக.

"இன்னொண்ணு எங்க வீட்டுக்காரருக்கு," என்றாள் ஆர்ஃபா. "அவர் மறந்துட்டுப் போயிட்டார். அந்தத் தாள் அவர் கோட்டுப் பையிலயே இருந்துச்சு. நான் அது என்னன்னு தெரியாம எடுத்துப் போட்டுட்டேன் வெண்டல்."

வெண்டல் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியதை ஆர்டித் பார்த்தாள். உடனே முன்பக்கம் திரும்பிவிட்டாள். பார்க்கிற உரிமை தனக்கு இல்லை என்று பட்டது.

கூட்டம் முடிந்து பிராட்ஷாவும் வெண்டலும் எழுத்தர் அறைக்குள் நாற்பது நிமிஷம் பேசினார்கள். ஆர்டித் வெளியே துடைத்த பலகைகளையே மறுபடி துடைத்தாள். முதலில் வெளியே வந்த பிராட்ஷா, சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்து அவள் கையிலிருந்த குப்பைக்கூடையில் போட்டார். அடுத்த மாதம், ரீட் விடுவிக்கப்பட்டு, வெண்டல் டக்கெட் ஜூனிப்பர் ஃபிளாட் கிளையின் தலைவரானார். நூற்றுக்கணக்கில் ஆட்கள் சேர்ந்துவிடவில்லை. இலையுதிர் காலத்தில் இருபத்திரண்டு பேர். ஆனால் பூட்டு என்ற பேச்சே அதற்குப் பிறகு எழவில்லை.

நவம்பரில் ஹால்வர்சன் தம்பதியின் காலம் முடிந்தது. கார் சாமான் ஏற்றித் தயாராக நின்றது. கூட்டம் முடிந்ததும் கிளம்பவேண்டும். வெண்டல் மேடைக்கு வந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நாலாக மடித்த ஒரு தாளைப் பிரித்தார்.

"சிஸ்டர் ஆர்டித் ஹால்வர்சனை இந்தக் கிளையில அவங்க பார்த்த வேலைகள்ல இருந்து நன்றியோட விடுவிக்கிறோம். ஒண்ணொண்ணாப் படிக்கிறேன். பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்தது. நன்றி சொல்றவங்க கையைத் தூக்குங்க."

கைகள் உயர்ந்தன.

"இறக்கலாம். அடுத்தது, ஆர்கன்ல ஆர்ஃபாவுக்குக் கீழ்ச்சுரம் பிடிச்சது."

கைகள் உயர்ந்தன.

"இறக்கலாம். கழிப்பறை கழுவினது."

"அது பொறுப்பே கிடையாது," என்று ஆர்டித் உட்கார்ந்த இடத்திலிருந்தே முனகினாள். "அதுக்கெல்லாம் யாரும் விடுவிக்க மாட்டாங்க."

"சிஸ்டர், கூட்டம் நடக்குது. குறுக்கப் பேசாதீங்க," என்றார் வெண்டல். கைகள் உயர்ந்தன.

ஆர்ஃபாவைப் பதினொரு முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது. டுவைட்டின் மகள் கல்யாணத்துக்குக் கேக் செய்தது. குழாய் உறைந்த வாரம் எல்லார் வீட்டுக்கும் சூப் வைத்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கை. பத்தாவதில் குழந்தைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. பன்னிரண்டாவதில் ரீட் அவள் காதருகே, "தோள் வலிக்குது ஆர்டித், இன்னும் எத்தனை செஞ்சு வெச்சிருக்க?" என்றார். டுவைட் பக்கத்து மேசையில் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார். ஒரு வரி பிந்தினாலும் வெண்டல் படிப்பதை நிறுத்திக் காத்திருந்தார்.

"கடைசியா," என்றார் வெண்டல். தாளைக் கீழே வைத்தார். அதைப் பார்க்கத் தேவையில்லை போலும். "என் வீட்டுக் கதவை ஏழு தடவை தட்டினது."

எல்லாக் கையும் உயர்ந்தது. வெண்டலின் கையும்தான். இந்த முறை அவர் இறக்கலாம் என்று சொல்லவில்லை. யாரும் இறக்கவும் இல்லை. ஆர்டித் மடியில் கிடந்த தன் இரு கைகளையும் கோத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணீர் வழிந்தது, அவள் துடைக்கவில்லை. பெருமை பெரிய பாவம் என்று ஒன்றரை வருஷம் அந்த அறையில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள், அன்று அந்தப் பாடத்தைக் கொஞ்ச நேரம் தள்ளி வைத்துவிட்டு, தனக்காகத் தூக்கிய கைகளை ஒவ்வொன்றாக, முகம் முகமாக, ஆசை தீரப் பார்த்தாள்.